வேடு கட்டிய ஜாடியிலிருந்து மூடியிட்ட பாட்டிலுக்கு: புளித்த காய்கறித் தொழில் தொடங்கிய குறிப்புகள்

என் அலமாரியின் மேல்தட்டில் 1,000 லேபிள்கள் கொண்ட கட்டு ஒன்று இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது. அவற்றில் கொட்டை எழுத்தில் 'புரோபயாடிக் காய்கறி', அதாவது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் கொண்ட காய்கறி, என்று அச்சாகியிருக்கிறது. அச்சகத்துக்கு 3,800 ரூபாய் கொடுத்தேன். ஒன்றுகூட எந்தப் பாட்டிலிலும் ஒட்டப்படவில்லை. அந்தச் சொல்லை நம்பித்தான் தொழிலில் இறங்கினேன், கடைசியில் அது இல்லாமலேயே விற்பனைக்கு வந்தேன்.

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் காய்கறியைப் புளிக்கவைக்கத் தொடங்கி 14 மாதங்கள் ஆகின்றன. அதற்கு முன் 11 ஆண்டுகள் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் இருந்தேன். சாயத் தொட்டியின் அமிலத்தன்மையை மணிக்கொரு முறை அளந்து எழுதுவதே அங்கே என் வேலையாக இருந்தபடியால், பி.எச். மீட்டரும் தராசும் நோட்டுப்புத்தகமும் இல்லாமல் எதையும் தொடங்கும் பழக்கம் எனக்கு இல்லை. இந்தப் பதிவு அந்த நோட்டுப்புத்தகத்திலிருந்து எடுத்ததுதான்.

புளிக்கவைப்பது நம் வீடுகளுக்குப் புதிதன்று. இட்லி மாவு, மோர், நீராகாரம், மாவடு என்று நாள்தோறும் அதோடுதான் புழங்குகிறோம். ஆனால் விற்பதற்கு எது ஏற்றது என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தபோது மிஞ்சியது குறைவு. இட்லி மாவில் பெருகிய நுண்ணுயிர்கள் இட்லிப் பானையிலேயே வெந்துவிடுகின்றன. பாலிலும் தயிரிலும் பெரிய நிறுவனங்களின் விலைக்கு அருகில்கூட நான் போக முடியாது. நீராகாரம் அடுத்த நாளைத் தாண்டாது. மாவடுவில் உப்பு மிக அதிகம். அதைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட முடியாது. ஆகவே காரட்டையும் முள்ளங்கியையும் பீட்ரூட்டையும் குறைந்த உப்புநீரில் ஒரு வாரம் புளிக்கவைத்து, சூடுபடுத்தாமல், தயிர்சாதத்துக்கும் கம்மங்கூழுக்கும் தொட்டுக்கொள்ளும்படி கொடுப்பது என்று முடிவு செய்தேன். நீலகிரிக் காரட் மேட்டுப்பாளையம் மண்டிக்குத்தான் வந்து இறங்குகிறது என்பதால் சரக்குக்கு அலைய வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம்.

முதல் தொகுதி நன்றாக வந்தது. அது தற்செயல் என்பது இரண்டாம் தொகுதியில் தெரிந்தது. 1 கிலோ காய், 1 லிட்டர் தண்ணீர், 2.5 விழுக்காடு உப்பு என்பது கணக்கு. முதல் முறை கைக்கு வந்தபடி உப்பைப் போட்டிருந்தேன். இரண்டாம் முறை 'கவனமாக' அளந்து, தண்ணீருக்கு மட்டும் கணக்கிட்டு 25 கிராம் போட்டேன். காயும் தன் எடைக்கு உப்பை இழுத்துக்கொள்ளும் என்பதால், உண்மையில் 2 கிலோவுக்கு 50 கிராம் போட்டிருக்க வேண்டும். பாதி உப்பில் கிடந்த காரட் நான்காம் நாள் விரலால் அழுத்தினாலே நசுங்கியது. இப்போது காய், தண்ணீர், இஞ்சி, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் ஜாடியோடு எடை வைத்து, ஜாடியின் எடையைக் கழித்து, மீதிக்குத்தான் உப்பைக் கணக்கிடுகிறேன். அயோடின் கலந்த உப்பு நுண்ணுயிரைக் கொன்றுவிடும் என்று பலர் எச்சரித்தார்கள். அயோடின் கலந்த உப்பையும் கலக்காத இந்துப்பையும் தனித்தனி ஜாடிகளில் போட்டுப் பார்த்ததில், பி.எச். (அமிலம் ஏற ஏற இந்த எண் குறையும்) இறங்கிய வேகத்தில் குறிப்பிடும்படியான வேறுபாடு எதுவும் தெரியவில்லை. உப்பில் இருக்கும் அயோடின் பத்து லட்சத்தில் 15 முதல் 30 பங்கு அளவுதான். அதுவும் உப்புநீரில் கரைந்தபின் மேலும் நீர்த்துப்போகிறது. குழாய்த் தண்ணீரின் குளோரின்தான் எனக்குத் தொல்லை கொடுத்தது. கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீருக்கு மாறியதும் முதல் நாள் மந்தம் நீங்கியது.

மூன்றாம் தொகுதியையும் நான்காம் தொகுதியையும் அறியாமையால் சாக்கடையில் கொட்டினேன். பீட்ரூட் கலந்த உப்புநீர் இரண்டாம் நாளே கஞ்சிப் பசைபோல வழுவழுப்பாகி, கரண்டியில் எடுத்தால் நூலாக இழுத்தது. கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். காய்கறி புளிக்கும்போது முதலில் வேலையைத் தொடங்கும் லியூகோனாஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா, காயிலுள்ள சுக்ரோஸ் சர்க்கரையிலிருந்து டெக்ஸ்ட்ரான் என்ற பிசினை உண்டாக்கும்; பீட்ரூட்டிலும் காரட்டிலும் சுக்ரோஸ் அதிகம். அமிலம் ஏற ஏற அது ஒதுங்கிக்கொள்ள, அமிலத்தைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகையினர் இடத்தைப் பிடிப்பார்கள். பின்னர் அதே போல வழுவழுத்த ஒரு ஜாடியைக் கொட்டாமல் விட்டுவைத்தேன். எட்டாம் நாள் நீர் இளகிச் சரியாகிவிட்டது. இருந்தாலும் வாங்குகிறவரிடம் இந்த வரலாற்றையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பீட்ரூட்டை மொத்தக் காயில் பத்தில் ஒரு பங்காக, நிறத்துக்கு மட்டும், குறைத்துக்கொண்டேன்.

மேலே படியும் வெள்ளை ஏட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டையாக, பவுடர் தூவியதுபோல இருந்தால் அது ஈஸ்ட். உடலுக்குக் கேடில்லை என்றாலும் வாடையைக் கெடுக்கும். பஞ்சுபோல உயர்ந்து, பச்சையோ கருப்போ தெரிந்தால் பூஞ்சை. வீட்டுக்குச் செய்யும்போது ஏட்டை வழித்துவிட்டுச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. விற்கும் பொருளில் பூஞ்சை கண்டால் ஜாடி முழுவதும் குப்பைக்கு என்பது என் விதி. இதுவரை மூன்று ஜாடிகள் போயிருக்கின்றன.

வெப்பம் எங்கள் ஊரில் தனிப் பிரச்சினை. சித்திரை வெயிலில் பின்கட்டு 36 பாகை செல்சியஸைத் தொடுகிறது. அந்தச் சூட்டில் இரண்டே நாளில் புளிப்பு ஏறிவிடுகிறது, ஆனால் சுவை ஒற்றைத்தட்டாக, வினிகர் ஊற்றியது போல இருக்கிறது, காயும் தொய்கிறது. 22 முதல் 24 பாகையில் ஏழு நாள் வைத்தால் வரும் மணம் அதில் வரவே இல்லை. பெரிய தெர்மோகோல் பெட்டிகளில் ஜாடிகளை இறக்கி, உறைந்த தண்ணீர்ப் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றி வைத்துச் சமாளித்தேன். பிறகு பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றை வாங்கி, வெப்பத்தைப் பார்த்து மின்சாரத்தை நிறுத்தியும் கொடுத்தும் ஓட்டும் ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவியை அதில் பொருத்தினேன். இந்தத் தொழிலில் நான் செய்த செலவுகளில் வருத்தப்படாத செலவு அது ஒன்றுதான். காய் மொறுமொறுப்பாக இருக்க, ஜாடிக்கு இரண்டு கொய்யா இலை போடுகிறேன். இலையிலுள்ள துவர்ப்புப் பொருள், காயை மெதுவாக்கும் நொதிகளைத் தடுக்கிறது.

அளவீட்டில் எனக்குச் சமரசம் இல்லை. பி.எச். 4.6-க்குக் கீழே இறங்கிவிட்டால் பாட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர முடியாது. மூன்று நாளுக்குள் 4.6-க்குக் கீழே இறங்காத ஜாடி கொட்டப்படும், 4.0-க்கு மேல் இருக்கும் எதுவும் பாட்டிலுக்குப் போகாது; என் காய்கள் பெரும்பாலும் 3.5 அருகில் நிற்கின்றன. மீட்டரை 4.01, 7.00 என்ற இரண்டு கரைசல்களில் ஒவ்வொரு நாளும் சரிபார்க்கிறேன். உப்புநீரை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவோம், ஏனெனில் தடித்த காரட் துண்டின் நடுப்பகுதி நீரைவிட ஒரு நாள் பின்தங்கியே புளிக்கிறது. துண்டை எடுத்து அரைத்து, அதிலும் அளந்து எழுதுகிறேன்.

இவ்வளவும் ஆனபின்தான் லேபிள் அச்சடித்தேன். வரிசையைத் தலைகீழாகப் பிடித்தது அங்கேதான். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் பதிவு நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. நான் விண்ணப்பித்த காலத்தில் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு தயாரிப்பாளருக்கு அடிப்படைப் பதிவு போதும், கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய், விண்ணப்பம் முழுவதும் இணையத்தில். 14 இலக்க எண் கைக்கு வந்த மகிழ்ச்சியில் லேபிள் மாதிரியை, இதே தொழிலில் நீண்ட காலம் இருக்கும் ஒருவரிடம் காட்டினேன். அவர் அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இதுல எந்தப் பாக்டீரியாங்க தம்பி இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

பதில் என்னிடம் இல்லை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் 2001-இல் வகுத்த விளக்கத்தின்படி, போதுமான அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாடிக். உயிரோடு இருந்தால் மட்டும் போதாது; எந்த நுண்ணுயிர், எந்த அளவில், என்ன நன்மை என்பதற்குச் சான்று வேண்டும். எனக்குப் பதிவு கொடுத்த இந்திய ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் புரோபயாடிக்காக ஏற்கப்படும் நுண்ணுயிர்களைப் பட்டியலிட்டு, நாளொன்றுக்குப் பரிந்துரைக்கும் அளவில் 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்களாவது இருக்க வேண்டும் என்கின்றன. இத்துறையின் பன்னாட்டு அறிவியல் சங்கமும், என்ன நுண்ணுயிர் என்று வரையறுக்கப்படாத புளித்த உணவுகளை அந்தப் பெயரால் அழைக்கக்கூடாது என்று 2014-இலேயே சொல்லிவிட்டது.

அங்கீகாரம் பெற்ற ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு மூன்று பாட்டில்களை அனுப்பினேன். பாட்டிலில் அடைத்த நாளன்று உப்புநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு லாக்டிக் அமில பாக்டீரியா ஏறத்தாழ 8 கோடி. குளிரில் 30 நாள் வைத்தபின் 60 லட்சம். 60 நாளில் 4 லட்சம். ஈ.கோலி, சால்மொனெல்லா இல்லை. எண்ணிக்கையைப் பார்த்தால், நீரோடு சேர்த்து 50 கிராம் எடுத்துக்கொள்கிறவருக்கு முப்பதாம் நாளிலும் 30 கோடி கிடைக்கிறது. எண்ணிக்கை இருந்தது, பெயர் இல்லை. காட்டுத்தனமாகக் காயிலிருந்தே வந்து வளரும் கூட்டம் அது. காரட் மாறினால், மழை பெய்தால், கூட்டமும் மாறும். பட்டியலில் உள்ள ஒரு வகையை வாங்கிக் கடைசியில் கலந்து அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளும் வழியும் இருந்தது. பேசில்லஸ் கோயாகுலன்ஸ் போன்றவை வித்து நிலையில் சூட்டைக்கூடத் தாங்குவதால் பல உணவுகளில் சேர்க்கப்படுகின்றன. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் ஏழு நாள் நான் காத்திருந்து புளிக்கவைத்த காய் வெறும் தூள் சுமக்கும் பாத்திரமாகிவிடும் என்று பட்டது. புதிய லேபிளில் 'இயற்கையாகப் புளிக்கவைத்தது, சூடுபடுத்தப்படாதது' என்று எழுதினேன். எந்த நோய்க்கும் மருந்து என்று எழுதவில்லை. உப்பின் அளவைத் தெளிவாகப் போட்டேன், ஏனெனில் 50 கிராமில் ஏறக்குறைய 1.25 கிராம் உப்பு போகிறது. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இரத்த அழுத்தம் உள்ளவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

காலாவதி நாளை 30 என்று வைத்ததும் அந்தச் சோதனை அறிக்கையால்தான். காய் அறுபது நாளிலும் கெடவில்லை. ஆனால் 'சூடுபடுத்தப்படாதது' என்று சொல்லி விற்றுவிட்டு, உள்ளே உயிர் குன்றிப்போனதைக் கொடுப்பது சரியாகப் படவில்லை.

இனி மூடியின் கதை. என் பாட்டி மாவடு ஜாடியின் வாயைத் துணியால் வேடு கட்டி வைப்பார். புளிக்கும்போது எழும் வாயு துணி வழியே போய்விடும் என்பதால் அவருக்கு அதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நான் 300 கிராம் கண்ணாடிப் பாட்டிலில் இறுகத் திருகும் மூடியைப் போட்டு, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மேசை போட்டு அடுக்கினேன். பகல் 11 மணிக்குள் மூடிகள் எல்லாம் வயிறு உப்பிக்கொண்டன. வெள்ளை வேட்டி சட்டையில் வந்த பெரியவர் ஒருவர் ஆர்வமாக ஒன்றைத் திருகினார். பீட்ரூட் நீர் அவர் மார்பிலிருந்து மேசை விரிப்புவரை ஓவியம் வரைந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, "ஏனுங்க தம்பி, இது ஊறுகாயா பட்டாசா?" என்று கேட்டுவிட்டு, சட்டையைத் துடைத்தபடியே ஒரு துண்டை எடுத்துச் சுவைத்து, இன்னொரு பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார். இன்றும் அவர் வாடிக்கையாளர்.

அன்று இரவு கணக்குப் பார்த்தேன். காயில் சர்க்கரை மிச்சம் இருக்கும்போதே அடைத்துவிட்டேன். குளிர் விட்டதும் உள்ளே வேலை மீண்டும் தொடங்கிவிட்டது. இதைத் தீர்க்க எளிய வழி ஒன்றைப் பலரும் சொன்னார்கள். பாட்டிலை 80 பாகைச் சூட்டில் சிறிது நேரம் வைத்தால் வாயு நிற்கும், மூடி உப்பாது, குளிர்பெட்டி வேண்டாம், கடைத்தட்டில் ஆறு மாதம் கிடக்கும். வணிகத்துக்கு அதுவே புத்திசாலித்தனம். ஆனால் உள்ளே எதுவும் உயிரோடு இருக்காது, நான் விற்பதும் சாதாரண ஊறுகாய் ஆகிவிடும். அதை என்னைவிட நன்றாகச் செய்கிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள்.

ஆகவே ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு மாற்றங்கள் செய்தேன். ஜாடியில் ஒரு முழு நாள் குமிழி எழாமல் இருக்கும்வரை காத்திருப்பது, பின்னர் ஜாடியோடு 4 பாகைக்குக் குளிர்வித்து இரண்டு நாள் நிறுத்துவது, அதன்பின் பாட்டிலின் வாய்க்குக் கீழே இரண்டரை சென்டிமீட்டர் இடம் விட்டு அடைப்பது. காபிப் பொடிப் பையில் இருக்கும் ஒருவழி வால்வு வைத்த பைகளையும் சோதித்தேன். வாயு அழகாக வெளியேறியது. பையைப் படுக்கவைத்ததும் உப்புநீரும் அதே வழியாக அழகாக வெளியேறியது. கண்ணாடிக்கே திரும்பினேன். 'திறக்கும்போது வாயு வரலாம். மெதுவாகத் திருகவும்' என்ற வரி இப்போது லேபிளில் சிவப்பில் இருக்கிறது.

முள்ளங்கியை விட்டதற்கும் இந்தப் பாட்டில்தான் காரணம். புளித்த முள்ளங்கியின் கந்தக வாடை, மூடிய பாட்டிலில் தேங்கித் திறந்தவுடன் முகத்தில் அடித்தது. என் அம்மா முகர்ந்துவிட்டு, "இதைய ஆருடா காசு குடுத்து வாங்குவாங்க?" என்றார். மூன்று வாடிக்கையாளர்கள் கெட்டுவிட்டதென்று திருப்பிக் கொடுத்தபின் அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு நூல்கோலுக்கு மாறினேன். நூல்கோல் மொறுமொறுப்பாகவே இருக்கிறது, வாடையும் அடங்கி இருக்கிறது. காரட், நூல்கோல், இஞ்சி, பச்சை மிளகாய், ஒரு பிடி கடுகு, கறிவேப்பிலை என்ற கலவை பத்தொன்பதாம் தொகுதியிலிருந்து மாறவில்லை.

கடைகளில் வைத்தது எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. ஐந்து கடைகள் குளிர்பெட்டியில் இடம் கொடுத்தன. இரண்டே வாரத்தில் உப்பிய மூடிகள் திரும்பி வந்தன. குறைந்த அளவையும் அதிக அளவையும் தானே குறித்து வைக்கும் வெப்பமானி ஒன்றை ஒவ்வொரு கடையிலும் பாட்டில்களுக்கு நடுவே ஒளித்து வைத்தேன். மூன்று கடைகளில் அதிகபட்சம் 17 பாகையைத் தாண்டியிருந்தது. இரவு பூட்டும்போது மின்கட்டணத்துக்குப் பயந்து பெட்டியை அணைத்துவிட்டுப் போகிறார்கள். குளிர்பானத்துக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. அந்த மூன்று கடைகளிலிருந்து விலகி, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வாரம் ஒரு முறை, வியாழக்கிழமை மாலை, இருசக்கர வண்டியில் தெர்மோகோல் பெட்டி கட்டி நானே கொண்டுபோகிறேன். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பவர்களுக்கு 10 ரூபாய் தள்ளுபடி.

ஒரு பாட்டிலுக்கு ஆகும் செலவையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். காய்க்கு 16 ரூபாய், உப்பும் மசாலாவும் 4, பாட்டிலும் மூடியும் 17, லேபிள் 4, மின்சாரம் 7, பரிசோதனைக் கட்டணத்தின் பங்கு 9, கொண்டுசேர்க்க 14, கழிவுக்கும் திரும்பி வருவதற்கும் 6. ஆக 77 ரூபாய். என் உழைப்பு இதில் இல்லை. விலை 150 ரூபாய். கடைக்காரர் 30 விழுக்காடு எடுத்துக்கொண்டால் 45 ரூபாய் அங்கேயே போய்விடுகிறது. நேரடி விற்பனையில்தான் கொஞ்சமாவது நிற்கிறது. மாதம் 400 பாட்டில் வரை வந்திருக்கிறேன். சாயப்பட்டறைச் சம்பளத்தை இன்னும் எட்டவில்லை. வணிகக் குறிக்கு, பதப்படுத்திய காய்கறிகள் அடங்கும் 29-ஆம் வகுப்பில் 4,500 ரூபாய் கட்டி விண்ணப்பித்திருக்கிறேன். முதலில் ஆசைப்பட்ட பெயரை வேறொருவர் எப்போதோ பதிந்துவிட்டிருந்தார், ஆகவே இரண்டாவது பெயரோடு காத்திருக்கிறேன்.

மாசி பிறந்து வடு வரத் தொடங்கியிருப்பதால் இந்த வாரம் 3 கிலோ வாங்கிவந்து, பாட்டி போட்ட உப்பில் பாதிக்கும் குறைவாக, 6 விழுக்காட்டில் ஒரு சோதனை ஜாடி போட்டிருக்கிறேன். மாவடு இயல்பிலேயே புளிப்பு என்பதால் பி.எச். மீட்டர் முதல் நாளே 3.4 காட்டுகிறது, புளிக்கிறதா, வெறுமனே ஊறுகிறதா என்பதை அந்த எண்ணைக் கொண்டு சொல்ல முடியாது. பாக்டீரியா எண்ணிக்கைக்கு ஒரு மாதிரியை அனுப்பிவிட்டேன், முடிவு வர எட்டு நாளாகும். அதுவரை அந்த ஜாடிக்கு மூடி போடவில்லை, வேடுதான் கட்டியிருக்கிறேன்.